அப்பாவோட இரைப்பை பயாப்ஸில (சின்ன சதைத் துணுக்கு எடுத்துப் பாக்கற டெஸ்ட்) 'இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா'ன்னு வந்திருக்கு, எச். பைலோரி கிருமி நெகட்டிவ்னு இருக்கு, இது கேன்சரா?

இல்லைங்க, அது கேன்சர் இல்ல. அப்பாவுக்கு இரைப்பையோட உள்சவ்வு ரொம்ப நாளா புண்பட்டுப் புண்பட்டு, அங்க இருக்கற செல் குடல் செல்லா மாறியிருக்கு, மைக்ராஸ்கோப்ல சளி நிறைஞ்ச கோப்லெட் செல் தெரிஞ்சா அப்படி எழுதுவாங்க. பெரும்பாலானவங்களுக்கு இது கேன்சரா மாறறதே இல்ல, பயப்படாதீங்க.

காரணம் அநேகமா எச். பைலோரி கிருமி. ரிப்போர்ட்ல நெகட்டிவ்னு போட்டிருக்குன்னு சொல்றீங்க, ஆனா அப்பா மாதிரி தினமும் பான்டோபிரசோல் (ஆசிட் குறைக்கற மாத்திரை) போடறவருக்கு கிருமி கம்மியாகி டெஸ்ட்ல மாட்டாமயே போகலாம். அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு அந்த மாத்திரைய 2 வாரம் நிறுத்தி (ஆன்டிபயாட்டிக் சாப்ட்டிருந்தா 4 வாரம் போகட்டும்) யூரியா பிரெத் டெஸ்ட் (மூச்சுக்காத்துல பாக்கறது) இல்லன்னா மோஷன்ல ஆன்டிஜென் டெஸ்ட் (கிருமியோட புரதத்தைத் தேடறது) எடுங்க. ரத்த டெஸ்ட் வேணாம், எப்பவோ வந்து போன தொற்றுக்கும் பாசிட்டிவ் காட்டும்.

ஒண்ணு மட்டும், ரிப்போர்ட்ல 'டிஸ்பிளேசியா'ன்னு (கேன்சருக்கு முந்தின நிலை செல் மாற்றம்) எங்கயாவது இருந்தா தள்ளிப்போடாம கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டர பாருங்க. மோஷன் தார் மாதிரி கருப்பா போனாலும், எடை குறைஞ்சாலும், முழுங்க கஷ்டப்பட்டாலும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கருப்பா போகும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.