நவம்பர் 1-க்குள் அனுப்பினால் சீட் நிச்சயமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறான். ஆண்டுச் செலவில் பாதியைத்தான் எங்களால் சமாளிக்க முடியும். ‘ஏர்லி டிசிஷன்’ முறையில் நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்தால் சீட் நிச்சயம், உதவித்தொகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். பிளஸ் டூ மதிப்பெண் வருவதற்கு முன்பே அனுப்பலாமா, பொறுக்கலாமா?

பதில்: சின்னக் கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்தால் அந்த ஆண்டே போய்விடும். ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு, பெரும்பாலான கல்லூரிகளில் முந்தைய நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்று வரையிலான மதிப்பெண்களும், பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்ணும் இப்போதைக்குப் போதும். இறுதி மதிப்பெண்ணைப் பின்னால் அனுப்பலாம். ரொம்பச் சரிந்தால் மட்டும் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

இனி அந்த ‘நிச்சயம்’. ஏர்லி டிசிஷன் என்றால் சீக்கிரம் அனுப்புவது மட்டுமல்ல. “நீங்கள் இடம் கொடுத்தால் உங்களிடமே சேருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிடுவேன்” என்று எழுதிக் கொடுப்பது. மகன், நீங்கள், பள்ளி என மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மனையின் விலையைக் கேட்பது போன்ற ஏற்பாடு இது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் இப்படி வாக்கு வாங்குவதைக் கல்லூரிகள் ஏதோ சலுகை மாதிரி பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. லாபம் அவர்களுக்கு: டிசம்பரிலேயே பாதி வகுப்பு நிரம்பிவிடும்.

அந்தச் சுற்றில் சேர்க்கை விகிதம் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் விளையாட்டுக்காகக் கல்லூரியே முன்கூட்டிப் பேசி வைத்தவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தாது.

உங்கள் கன்சல்டன்ட் சொன்னதில் எனக்குப் பயம் தந்தது ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான். விண்ணப்பத்தில் ‘பண உதவி வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். வெளிநாட்டு மாணவர் ‘ஆம்’ என்றால் பெரும்பாலான கல்லூரிகளில் இடம் கிடைப்பதே கடினமாகும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போல விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள்தான் பண உதவி கேட்டதைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பவை. இந்த நான்கிலும் ஏர்லி டிசிஷனே கிடையாது. மற்ற இடங்களில் ‘ஆம்’ என்றால் கடினம் என்பதால், ஏஜென்ட் நைசாக ‘இல்லை’ என்று குறித்துவிடுவார். இடம் கிடைக்கும், அவருக்குப் பெயரும் கிடைக்கும். நீங்கள் போய் உதவி கேட்டால், “நுழையும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு ஆண்டும் கிடையாது” என்பார்கள். பல கல்லூரிகளில் இதுதான் விதி. என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருப்பதே இடம் கிடைத்த கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு அதுவரை ஏஜென்டிடம் இருந்தது.

‘கொடுக்கும் உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே’ என்றும் சொல்வார்கள். விலகலாம், விதிவிலக்கு உண்டு. எதை வைத்து என்பதையும் கேளுங்கள். முதலில், நீங்கள் உதவி கேட்டிருக்க வேண்டும். ‘இல்லை’ என்று குறித்தவர் ‘போதவில்லை’ என்று சொல்ல வழியே இல்லை. அப்புறம், உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பதை அவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சம்பளம், சேமிப்பு, வீடு எல்லாம் அதில் வரலாம். அண்ணன் தம்பியோடு கூட்டாக இருக்கும், விற்கவே முடியாத நிலத்தைக் காகிதத்தில் பார்க்கிறவருக்கு அது சொத்து. ‘கட்ட முடியும்’ என்று அவர்கள் சொல்வதும், ‘முடியாது’ என்று நீங்கள் சொல்வதும் ஒரே குடும்பத்தைப் பற்றித்தான். மறுபரிசீலனை கேட்கலாம். பேசி முடித்து விடுவித்தும் விடுவார்கள். கோர்ட்டுக்கெல்லாம் இழுக்க மாட்டார்கள். ஆனால் முடிவு வருவது டிசம்பர் நடுவில், மற்ற கல்லூரிகளின் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம். இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் எட்டுக் கல்லூரிகளுக்குக் கட்டுரை எழுதப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். சும்மா விலகிக்கொள்ளக் கூடாது. உங்கள் பள்ளி கையெழுத்துப் போட்டிருக்கிறது, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தேவை.

அதனால் பாதிச் செலவுக்கு உதவியை நம்பும் நீங்கள் ஏர்லி டிசிஷன் போடாதீர்கள். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ வேறு: சீக்கிரம் பதில் வரும், கட்டுப்பாடு இல்லை, மே 1 வரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகைக்கு இந்தத் தேதியைத்தான் கணக்கில் எடுக்கின்றன. தயாராக இருந்தால் இதில் அனுப்புங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற சில கல்லூரிகள் ஆக்‌ஷனிலும் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி அனுப்பத் தடை வைத்திருக்கின்றன.

தயார் என்பது எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் கையில் இருப்பது மட்டுமல்ல. பரிந்துரைக் கடிதத்துக்கான மின்னஞ்சல் ஆசிரியரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். பள்ளி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்பவர் தீபாவளி விடுப்பில் இருப்பார். அக்டோபர் முதல் வாரத்திலேயே நேரில் போய், அவர்கள் அனுப்புவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை அரைகுறையாக இருந்தால் ஜனவரியே நல்லது. வழக்கமான சுற்றில் நவம்பரில் அனுப்பியதற்கும் டிசம்பரில் அனுப்பியதற்கும் வித்தியாசம் கிடையாது. வருகிற வரிசையிலேயே இடம் கொடுக்கும் ‘ரோலிங்’ கல்லூரிகளுக்கு மட்டும் முந்துங்கள்.

இன்று ராத்திரியே மகனின் விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பண உதவிக் கேள்வியில் என்ன குறித்திருக்கிறது என்று திறந்து பாருங்கள்.