குடிலுக்குள் ஒரு செம்பனை லோரி

வணக்கம் அக்கா,

நாங்கள் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. போன ஞாயிறு வீட்டில் குடில் வைத்தோம். மாமியார் பத்திரமாக வைத்திருந்த பிளாஸ்திரி சுரூபங்கள். அன்று சாயங்காலமே குழந்தை இயேசுவைக் காணவில்லை. தேடினால் மகனின் தலையணைக்கு அடியில். எடுத்து வைத்தால் மறுநாள் குளியலறை வாளிக்குள். சூசையப்பருக்கு ஒரு கை போய்விட்டது. மாதாவுக்குப் பக்கத்தில் தன் செம்பனை லோரியைக் கொண்டுபோய் நிறுத்துகிறான். எடுத்தால் வீடு இரண்டுபடுகிறது. மாமியார் இதெல்லாம் பாவம் என்கிறார். எல்லாவற்றையும் பலகையோடு சேர்த்து ஒட்டிவிடலாம் என்கிறார் கணவர். எந்தப் பசை நன்றாகப் பிடிக்கும்? வெளிச்சத்துக்கு மலிவுச் சாமான் கடையில் சின்ன பேட்டரி மெழுகுவத்தி ஆறு வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். நெருப்பு பயம் இல்லை பாருங்கள்.

இன்னொன்று. மகள் கோயில் நாடகத்தில் ஆடாக வரமாட்டேன் என்று அழுகிறாள். கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா என்றும் கேட்கத் தொடங்கிவிட்டாள். என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் எழுந்துபோய் அந்த ஆறு மெழுகுவத்திகளையும் எடுத்து உயரத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நெருப்பைப் பற்றி யோசித்த நீங்கள் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? அந்த மாதிரி மெழுகுவத்தியில் பெரும்பாலும் இருப்பது பொத்தான் பேட்டரி, சிஆர்2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர். சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளச் சரியான அளவு. சிக்கிய இடத்தில் ஈரம் பட்டு மின்னோட்டம் ஓடும். இரண்டு மணி நேரத்துக்குள் தசை வெந்து புண்ணாகிவிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். பிள்ளை முழுங்கியது யாருக்கும் தெரியாது. எச்சில் வடியும், சோறு வேண்டாம் என்னும், இருமும். நாம் சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். முழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் சாமான் பரவாயில்லை. நகத்தால் தள்ளினாலே திறக்கும் மூடி இரண்டரை வயதுக்காரனுக்கு விளையாட்டு. வெளிச்சம் வேண்டுமென்றால் சிரிம் தர முத்திரை உள்ள சரவிளக்கு ஒன்றைக் கூரைக்கு மேலே, அவன் கைக்கு எட்டாமல் கட்டுங்கள். வயர் குடிலுக்குப் பின்னால் போகட்டும், முன்னால் தொங்க வேண்டாம். படித்த பெண், இதைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கலாமா?

இனி பசை. என்ன பசை என்று நான் சொல்லப்போவதில்லை. கடைகளில் இப்போது ஒரே அச்சில் வார்த்த குடில்கள் வந்துவிட்டன. மாதா, சூசையப்பர், குழந்தை, மாடு எல்லாம் ஒரே துண்டு, துடைத்தால் போதும். அதைப் பார்த்ததிலிருந்தே எழுத வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கணவர் கேட்பதும் அதே குடில்தான், கைவேலை மட்டும் கூடுதல்.

உங்கள் மாமியாரிடம் இரண்டு செய்தி சொல்லுங்கள், மரியாதையாக. ஒன்று, கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு முன்னால் தீவனத் தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறும் காத்திருப்பதற்கு. குழந்தையை 24ஆம் தேதி இரவுதான் வைப்பார்கள். ஆக அந்த வீட்டில் ஒழுங்கைக் கடைப்பிடித்தவன் உங்கள் மகன் ஒருவன்தான். இரண்டு, லோரிக்கு இடமில்லை என்றால் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட இடமில்லை. லூக்கா எழுதிய நற்செய்தியில் தீவனத் தொட்டி இருக்கிறது, இடையர்கள் இருக்கிறார்கள். மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவை எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்திலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவை. மத்தேயுவும் ஞானிகள் மூன்று பேர் என்று எண்ணிச் சொல்லவில்லை.

இன்று நாம் வைக்கும் குடிலுக்கு முன்மாதிரி 1223ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் செய்தது. சுரூபம் எதுவும் கிடையாது. தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். அந்த வைக்கோலை ஜனங்கள் எடுத்துவைத்துக்கொண்டு, நோவு கண்ட கால்நடைக்குக் கொடுத்தார்கள் என்று அவருடைய சபைத் துறவி ஒருவர் சில ஆண்டுகளுக்குள் எழுதிவைத்திருக்கிறார். குடிலிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

ஆகவே மாமியாரின் சுரூபங்களை அலமாரி மேல் ஏற்றுங்கள். ஒடிந்த கையை அவரே ஒட்டட்டும், அதற்கு மட்டும் பசை செலவழிக்கலாம். பிள்ளைகளுக்குத் தரையில், அவர்கள் முட்டி உயரத்தில், தொட்டுக் குலைக்கக்கூடிய குடில் ஒன்று வேண்டும். கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து ஊர் கோலகங்சாரில்தான் 1877ல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய தோட்டக்காடு பாதிக்குமேல் செம்பனையாகிவிட்டாலும், உங்கள் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் மரமே இல்லாமல் போகவில்லை. ரப்பர் கொட்டை, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, செம்பனை ஈர்க்கு, லாலான் புல். குடிலுக்கு வேறென்ன வேண்டும்?

தொட்டிக்குப் பால் மங்கு. பழைய பீங்கான் மங்கு கிடைத்தால் உத்தமம், கனமாக இருக்கும், தட்டினால் சாயாது. உள்ளே காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தில் நகம் கொடுத்து இழுத்தால் முழுத் தோலாகக் கழன்று வரும். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு உரிப்பார்கள். வாடை போக வெயிலில் கவிழ்த்துவையுங்கள். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் அந்த மங்கு வேண்டாம், பிளாஸ்டிக் மங்கே போதும். அதில் ஆறேழு செண்டிமீட்டர் குழந்தை சுகமாகப் படுக்கும்.

கூரைக்கு லாலான். பச்சையாக இருக்கும்போது பிள்ளைகளை அறுக்க விடாதீர்கள், அதன் விளிம்பு விரலைக் கீறிவிடும். நீங்கள் அறுத்து, உதறி, பூச்சி போக ஒருநாள் வெயிலில் பரப்பி, பிறகு ஐந்தடி நடைபாதையில், கூரைக்குக் கீழே இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். இந்த மாதத்து மத்தியான மழையில் நனைந்தால் கறுத்து நாற்றமடிக்கும். சட்டத்துக்கு ஈர்க்கு பத்துப் பதினைந்தைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தூண். மட்டையை வெட்டுவது பெரியவர் வேலை. அடியில் முள் இருக்கிறது. புல்லைப் பிடிபிடியாகக் கட்டி, கீழ் வரிசையை முதலில் வைத்து மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் கட்டெல்லாம் வெளியே தெரியும்.

ஆடு செய்வதுதான் பிள்ளைகளின் வேலை. ரப்பர் கொட்டை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெடித்து விழும். இப்போது கிடைப்பது பழசு, உள்ளே புழு இருக்கும், இல்லையென்றால் முளைவிடும். கொதிநீரில் போட்டு எடுத்து நன்றாகக் காயவையுங்கள். கொட்டையில் ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். அதைக் கீழே வைத்தால் உருளாது. கால் வைக்க முயலாதீர்கள், தீக்குச்சிக் கால் ஒரு மணி நேரம் தாங்காது. ஆடு உட்கார்ந்தே இருக்கட்டும். ஒரு நுனியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்துக்கு வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, பசை பிசுபிசுக்கும்போது இலவம்பஞ்சை ஒற்றுங்கள். பஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பளபளக்கும் புள்ளி போட்ட பழுப்பு நுனிதான் ஆட்டின் முகம். கண் வரையக்கூட வேண்டாம். பசை அதிகமானால் பஞ்சு ஊறி, ஆடு மழையில் நனைந்த பூனையாகிவிடும். சோற்றுக்கஞ்சிப் பசை வேண்டவே வேண்டாம், எறும்பு வந்து மந்தையையே தூக்கிக்கொண்டு போகும். எப்படிச் செய்தாலும் முதலில் பஞ்சு முளைப்பது மகளின் விரல்களில்தான். ஒரு கையில் ஐந்து ஆடு. கழுவிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

சின்னவனிடம் கொட்டை போகக் கூடாது. பருப்பில் நஞ்சு உண்டு, அது ஒன்று. இரண்டாவது, இரண்டு இரண்டரை செண்டிமீட்டர் சாமான் மூன்று வயதுக்கு உட்பட்டவனின் தொண்டையை அடைக்கும். கழிவறைக் காகித உருளையின் அட்டைக்குழாய் வழியே விழும் எதுவும் அவனுக்கு ஆகாது. அவனுக்கென்று பழைய காலுறையில் துணி அடைத்து, வாயை இறுக்கித் தைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு ஆடு செய்துகொடுங்கள். லோரியில் ஏற்றத் தோதாக இருக்கும். கொட்டை ஆடுகளை அவன் தூங்கியபின் மகள் மேய்க்கட்டும், விடிந்ததும் டின்னுக்குள் போகட்டும்.

ஆட்களுக்கு உப்புமாவு. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் பொடி உப்பு, முக்கால் கப்பில் தொடங்கி ஒரு கப்புக்கு மேல் போகாமல் தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும். பத்து நிமிடம் பிசையுங்கள். கல்லுப்பு போட்டால் பொம்மைக்கு அம்மைத் தழும்பு வரும். உருவத்தைக் கூம்பாகப் பிடியுங்கள்: எட்டு செண்டிமீட்டர் உயரம் என்றால் அடி ஐந்து செண்டிமீட்டர் அகலம். உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி வைத்து மாவை அதன்மேல் ஒரு செண்டிமீட்டருக்குள் போர்த்துங்கள். முழுக்க மாவாலேயே செய்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, ஒரு வாரத்தில் வெடிக்கும் அல்லது பூசணம் பூக்கும். கையை வெளியே நீட்டாதீர்கள், உடம்போடு அழுத்திவிடுங்கள். உங்கள் வீட்டுச் சூசையப்பருக்கு நடந்தது நினைவிருக்கட்டும். கண்ணுக்கு மிளகு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த மிளகு மாலைக்குள் மகனின் மூக்கில் இருக்கும். பல்குச்சியால் இரண்டு புள்ளி குத்தினால் போதும்.

அடுப்பில் 100 டிகிரியில் மூன்று மணி நேரம், பாதியில் திருப்பிப்போட்டு. சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டைக் கூட்டினால் மாவு உப்பி மூன்று ஞானிகளும் கர்ப்பிணிகளாக எழுந்து நிற்பார்கள். வண்ணம் பூசியபின் வார்னிஷ் இரண்டு கை, அடிப்பாகத்துக்கும் சேர்த்து. எல்லோரும் விடுவது அந்த அடிப்பாகத்தைத்தான். உப்பு நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மழைநாள் சாயங்காலம் பொம்மை வேர்த்து, கால் கொழகொழத்துச் சாய்ந்துவிடும். சின்னவன் கையில் உப்பில்லாமல் வேகவைத்த மாவு உருண்டை கொடுங்கள், எப்படியும் வாயில்தான் போடப்போகிறான். உப்புமாவு வயிற்றுக்குள் போகக் கூடாது. நாய் வளர்த்தால் நாய்க்கும் எட்டக் கூடாது, அதற்கு விஷம் மாதிரி.

குழந்தை இயேசுவை மட்டும் மாவில் செய்யாதீர்கள். துணியில், அந்த அட்டைக்குழாய்க்குள் நுழையாத பருமனில் செய்யுங்கள். சின்னவன் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டுமே. 24ஆம் தேதி இரவு பூசைக்குக் கிளம்புமுன் அவனே கொண்டுவந்து மங்கில் போடட்டும். அதுவரை பிள்ளைகள் ஒரு வேலை சொன்னதும் செய்தால் ஒரு லாலான் துண்டு தொட்டியில் போடலாம், படுக்கை மெத்தென்று ஆகும் என்று சொல்லலாம். மகள் ஒரே நாளில் கட்டுக்கட்டாகப் போட முயல்வாள். ஒரு வேலைக்கு ஒன்றுதான் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

ஞானிகளை ஆரம்பத்திலேயே குடிலில் நிறுத்தாதீர்கள். ஐஸ்பெட்டி மேல் தொடங்கி, தொலைக்காட்சி, செருப்பு அடுக்கு என்று நாளுக்கொரு இடமாக நகர்ந்து சனவரி 6க்கோ அதையொட்டிய ஞாயிறுக்கோ வந்துசேரட்டும். தினமும் காலையில் அவர்களைத் தேடுவதில் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் போகும், உங்களுக்குத் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

ஆடாக வரமாட்டேன் என்றால் விடுங்கள். நம் சூட்டில் பஞ்சு ஒட்டிய முழு உடுப்புக்குள் நானும் வரமாட்டேன். தலைப்பட்டையில் இரண்டு காது, வெள்ளை பனியன், அவ்வளவு என்றால் சம்மதிப்பாளோ என்னவோ. இடையராக ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கட்டும். தாத்தா விஷயம் என்னை உலுக்கவில்லை. மீரா நகரத்து ஆயர் நிக்கோலாசைப் பற்றிச் சொல்லுங்கள், டிசம்பர் 6 அவர் திருநாள். மீதியை அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததும் பிரியுங்கள். லாலான் கூரையைச் சுருட்டி வைக்காதீர்கள், கரப்பான் குடிவந்துவிடும், உரக்குழியில் போடுங்கள். மாவுப் பொம்மைகள் அடுத்த வருடம் வரை நிற்காது, அடுத்த வருடம் புதிதாகப் பிடிக்கலாம். பால் மங்கையும் கொட்டை ஆடுகளையும் மைலோ டின்னில் போட்டு மூடியை இறுக்கி, சின்னவனுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். காலுறை ஆடு அவனிடமே இருக்கட்டும், கேட்டால் தரமாட்டான்.

அன்புடன்,
அக்கா