செல்லே இல்லாம ரிசப்டரா?

கேள்வி: ரிசப்டர், அதாவது வேதிச் செய்தியை வாங்குற புரதம், செல் சவ்வுலதானே இருக்கும், அதைப் பிரிச்சு செயற்கை சவ்வுல வச்சு ஏன் சார் பாக்குறாங்க?

பதில்: செல்லுல ஏகப்பட்ட சேனல் (அயனி போற புரத வாசல்) ஒண்ணா வேலை செய்யும், எந்த கரண்ட் யாரோடதுன்னு பிரிக்கிறது பெரும்பாடு. அதான் டெஃப்லான் தடுப்புல குட்டி ஓட்டை, ரெண்டு பக்கமும் உப்புத்தண்ணி, ஓட்டைல கொழுப்புக் கரைசலைத் தடவுவாங்க, முதல்ல சோப்புக் குமிழி மாதிரி கலர் கலரா மின்னும், மெலிஞ்சு 5 நானோமீட்டர் பக்கம் வந்ததும் கறுத்துடும். 1962லயே முல்லர் குழு அமெரிக்காவுல செஞ்சது இது! 1980 வாக்குல டார்பிடோ மின்திருக்கையோட மின் உறுப்புல எடுத்த அசிட்டைல்கோலின் ரிசப்டரை (இதுவே ஒரு சேனலும்தான்) இதே மாதிரி சவ்வுல பதிச்சாங்க. நரம்பு தசைக்குச் செய்தி சொல்ற வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை விட்டா பிகோஆம்ப் அளவுல (ஆம்பியர்ல லட்சம் கோடில ஒரு பங்கு) கரண்ட் படிபடியா ஏறி இறங்கும், ஒரு படின்னா ஒரு சேனல் திறக்குது. இந்த ரிசப்டரை அடைக்கிற அம்பு விஷமான கியூராரே விட்டா கப்சிப். ஒரே தொல்லை, மேசையைத் தட்டினாலே சவ்வு கிழிஞ்சுடும்.