பெர்க்லீயில் சாங்ரைட்டிங்: நோட்டேஷன் தெரியாமல் சேரலாமா?

ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் இசையை எழுதும் முறை) தெரியாது, கிட்டாரில் சொந்தப் பாட்டு மட்டும்தான் போடுவேன், பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சாங்ரைட்டிங் (பாட்டு எழுதி மெட்டமைப்பது) படிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் சாங்ரைட்டிங் தனி மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, இருந்தாலும், உள்ளே நுழைய ஒரு வாத்தியத்திலோ குரலிலோ ஆடிஷன் கொடுத்தே ஆக வேண்டும்: தயார் செய்த பாட்டு ஒன்று, கொஞ்சம் இம்ப்ரவைசேஷன் (அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது), அவர்கள் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பி வாசிப்பது, அப்புறம் நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பது. கடைசியாகச் சொன்னதில் தடுமாறினாலும் காது நன்றாக இருந்தால் சமாளிக்கலாம். சேர்ந்த பிறகு ஹார்மனியும் (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பாடம்) இயர் டிரெயினிங்கும் (காதுப் பயிற்சி) இருக்கிறது, அங்கே நோட்டேஷன் இல்லாமல் நகர முடியாது, அதனால் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கட்டணம்தான் பெரிய தலைவலி. உதவித்தொகை கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பேன், பாட்டெழுதுபவருக்கு யாரும் மாதச் சம்பளம் தருவதில்லை. அங்கே பல வருடம் பாடல் வரி எழுதக் கற்றுக்கொடுத்த பாட் பாட்டிசனின் பாடம் கோர்ஸெரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இருக்கிறது, முதலில் அதை முடித்துப் பாருங்கள்.