ஹீட்டர்-கூலர் தண்ணீரில் கிருமி: பிசிஆர் சோதனை மட்டும் போதாதா?

"சிங்கப்பூரில் அப்பாவுக்கு பைபாஸ். ஹீட்டர்-கூலர் தண்ணீரை ஒரே நாளில் பிசிஆரில் சோதிக்கலாம் என்கிறார்களே, அப்புறம் ஏன் வாரக்கணக்கில் கல்ச்சர்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹீட்டர்-கூலர் என்பது இதய அறுவையின்போது ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் தண்ணீரைச் சுற்றவிடும் இயந்திரம். அந்தத் தண்ணீர் ரத்தத்தைத் தொடுவதில்லை. தொட்டியிலிருந்து கிளம்பும் நுண்துளிகளை விசிறி காற்றில் பரப்புவதுதான் ஆபத்து. மைக்கோபாக்டீரியம் கிமேரா என்ற பாக்டீரியா இப்படித்தான் திறந்த நெஞ்சுக்குள் போனது என்பது 2015 வாக்கில் ஐரோப்பாவில் தெரிய வந்தது. மெதுவாக வளரும் கிருமி; ஆய்வகத்தில் அதை வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர், முடிவுக்கு 8 வாரம்கூட ஆகும். பிசிஆர் நேரடியாக டிஎன்ஏவைத் தேடுவதால் சில மணி நேரத்தில் பதில்.

சிக்கல் என்னவென்றால், செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும். கிருமிநாசினி போட்ட மறுநாள் சோதித்தால் குழப்பம்தான். பிஎம்ஏ என்ற சாயம் சேர்த்தால் உடைந்த செல்களின் டிஎன்ஏ பெருகாமல் தடுக்கலாம், முழுக்க அல்ல. நெகட்டிவையும் அப்படியே நம்ப முடியாது: கிருமி குழாய்ச் சுவரில் பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, எடுத்த தண்ணீரில் சிக்காமல் போகலாம்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கிற ஊராயிற்றே என்பீர்கள். சரி, ஆனால் பியூபி (சிங்கப்பூரின் தண்ணீர் வாரியம்) தரும் தண்ணீரில் இருக்கும் குளோரமைன் என்ற கிருமிநாசினியை, கிமேரா சேர்ந்த மைக்கோபாக்டீரியா வகை நன்றாகவே தாங்கும்.

நானாக இருந்தால் சோதனை முறையைவிட, இயந்திரத்தின் காற்று எந்தப் பக்கம் போகிறது, அதை அறுவை அறைக்கு வெளியே வைக்கிறார்களா என்றுதான் மருத்துவரிடம் முதலில் கேட்பேன்.