லண்டன் மின்னணு இசைக்கலைஞர் பரியலின் (Burial) 'அன்ட்ரூ' (Untrue) ஆல்பத்தை விமர்சகர்கள் ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள்?

"முழுக்க ஒரே சோகம், ஒரே டிரம், இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் முதல் தடவை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் அடியில் ஓடும் பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும், மிஞ்சுவது பழைய இசைத்தட்டின் கரகரப்பும் தட்டல் சத்தமும்தான்.

2007 நவம்பரில் ஹைப்பர்டப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் இதை வெளியிட்டபோது பரியல் யார் என்றே வெளியில் தெரியாது. தெற்கு லண்டன்காரர், மேடை ஏறமாட்டார், அவ்வளவுதான். விமர்சகர்கள் பெரும்பாலும் எழுதியது லண்டனின் இரவு, மழை, முடிந்துபோன ரேவ் (விடிய விடிய நடக்கும் மின்னணு நடன விருந்து) காலத்துக்கான துக்கம் இதையெல்லாம் பற்றித்தான். 2008இல், பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் ஆண்டின் சிறந்ததற்குத் தரும் மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலில் இடம் கிடைத்ததும் (விருது எல்போ குழுவுக்குப் போனது) பத்திரிகைகள் இசையை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பித்தன, கடைசியில் அவரே வில்லியம் பெவன் என்று தன் பெயரைச் சொல்லவேண்டி வந்தது. அந்த மர்மத்தால்தான் பாராட்டு கிடைத்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் பெயர் தெரிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஆல்பம் அப்படியே நிற்கிறது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதிலுள்ள குரல்கள். 'ஆர்க்கேஞ்சல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரே ஜே பாடிய 'ஒன் விஷ்' என்ற ஆர் அண்ட் பி பாட்டிலிருந்து எடுத்த குரல். அதைத் துண்டு துண்டாக வெட்டி, சுருதியை ஏற்றி இறக்கி, பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். ஒரு காதல் பாட்டில் சாதாரணமாகக் கடந்துபோயிருக்கும் வரி, இங்கே பக்கத்து அறையில் யாரோ தனியாகப் பேசிக்கொள்வது மாதிரி கேட்கிறது. இதையெல்லாம் அவர் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்திருத்த மென்பொருளில் செய்தார். தாளத்தைக் கட்டத்தில் அடுக்கித் தரும் சீக்வென்சர் கிடையாது, திரையில் தெரியும் அலைவடிவத்தைப் பார்த்துப் பார்த்து டிரம்மை வைத்திருக்கிறார், அது மீன்முள் மாதிரி தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தமாம். அதனால்தான் அந்த அடிகள் இம்மி பிசகி, மனிதர் தட்டியது போல விழுகின்றன. ஒரே டிரம் என்று நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, பல பாட்டுகளில் அதே கராஜ் (லண்டன் நடன இசை வகை) தாளம்தான், ஆனால் எந்த அடியும் எதிர்பார்த்த இடத்தில் சரியாக விழாது.

சரி, இன்னொரு தடவை கேட்பதாக இருந்தால் நல்ல ஹெட்ஃபோனில், இரவில், 'இன் மெக்டொனால்ட்ஸ்' என்ற துண்டிலிருந்து ஆரம்பியுங்கள். டிரம்மே இல்லை, இரண்டு நிமிடம்தான். அப்புறம் முதல் பாட்டுக்குத் திரும்பிப் போங்கள்.