சனி, ஞாயிறு சும்மா இருக்கிறேன். கோவா போய்ச் சீட்டாடலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. என் சம்பளமும் மனைவி சம்பளமும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய். செலவு போக எட்டாயிரம் மிஞ்சும். அடுத்த மாதம் மைத்துனர் வீடு குடிபோகிறார். மனைவியும் மகளும் மூன்று நாள் முன்னதாகவே தேவகோட்டைக்குப் போய்விடுவார்கள். நான் திங்கட்கிழமை காலை விசேஷத்துக்கு வந்தால் போதும். அந்தச் சனி, ஞாயிறில் நண்பர் ஒருவர் கோவாவுக்குக் கூப்பிடுகிறார், காசினோவில் போக்கர் ஆட. பெரிய ஆட்டம் இல்லை, இருப்பதிலேயே சின்ன டேபிள். விமானம் 11,000, அறையில் என் பங்கு 3,000, கையில் ஆட 11,000, ஆக 25,000. கல்யாண வீடுகளில் ரம்மியில் என்னைத் தோற்கடிக்க ஆள் இல்லை. போக்கரையும் போனில் இலவச ஆட்டமாக ஆறு மாதம் பழகிவிட்டேன். போன மாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை 22,000 தள்ளி எடுத்தேன். மனைவியின் செயினைத் திருப்புவதற்காக எடுத்த 78,000 அது. நகைக்கடன் 75,000, வட்டி ஒன்பதரை சதவீதம். அதிலிருந்து 25,000 எடுத்துப் போய்விட்டு, ஜெயித்தால் அப்படியே வைத்துவிடலாம், தோற்றால் மூன்று மாதச் சேமிப்பில் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் 'டூர்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இது தப்பா? நண்பர் இன்னொரு யோசனையும் சொல்கிறார்: நான் வராவிட்டால் அவரிடம் 5,000 கொடுத்தால் போதும், என் பெயரில் ஆடி லாபத்தில் பாதி தருவாராம்.

பதில்: தம்பி, இரண்டு சீட்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். முதலில் ஏலச்சீட்டைப் பார்ப்போம், ஆடுகிற சீட்டுக்குப் பிறகு வரலாம்.

இருபது மாதச் சீட்டு, தவணை 5,000, ஆறாவது மாதம் எடுத்தது என்று வைத்துக்கொள்கிறேன். இதுவரை நீங்கள் கட்டியது, மாதக் கழிவு போக, முப்பதாயிரத்துக்கும் குறைவு. கையில் வாங்கியது 78,000. மேலே இருக்கிற 48,000 சொச்சம் சீட்டில் இருக்கும் மற்றவர்களுடைய பணம். இன்னும் 14 தவணை கட்டித்தான் அதைத் தீர்க்கப் போகிறீர்கள். கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த சீட்டு வரவுப் பக்கத்தில் ஏறும் அதே நாளில் கடன் பக்கத்திலும் ஏறுகிறது. 22,000 தள்ளி எடுக்கும் அளவுக்கு அவசரம் என்ன? செயின். அந்த அவசரத்துக்கு விலை கொடுத்து வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு, கோவாவில் மண்டோவி ஆற்றில் நிற்கும் காசினோக் கப்பலில் போய் உட்காரப் போகிறீர்கள்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 75,000 முழுசாகக் கட்டினால்தான் செயின் கைக்கு வரும். 53,000 கட்டினால் வட்டி குறையுமே தவிர நகை லாக்கரிலேயே இருக்கும். மிச்சம் நிற்கிற கடனுக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குள் வட்டி, அது பெரிய தொகை இல்லை. ஆனால் உங்கள் மனைவி அண்ணன் வீட்டுக் குடிபோதலுக்கு வெறுங்கழுத்தோடு போய் நிற்பார், நீங்கள் கோவாவிலிருந்து நேரே பந்திக்கு வந்து சேருவீர்கள். நம் பக்கத்து விசேஷ வீட்டில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

ஆகவே இந்தப் பணத்தில், இந்த மாதம், போக வேண்டாம். அதற்காகச் சீட்டாட்டமே பாவம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

எங்கள் ஐயா நன்றாகச் சீட்டாடுவார். கல்யாணம் என்றால் மூன்று நாளும் வளவில் ஜமுக்காளம் விரித்துக் கச்சேரி நடக்கும். உட்காரும் முன் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பற்றுப் பக்கத்தில் 'சீட்டு 5' என்று எழுதுவார். அந்த ஐந்து ரூபாயைத் தனியாக வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்வார். தீர்ந்தால் எழுந்து வெற்றிலை போடப் போய்விடுவார். ஜெயித்தால் அந்தக் காசு சமையல்காரருக்கோ எங்களுக்கோ வரும். நோட்டில் வரவு ஏறாது. அந்த நோட்டை அப்பத்தா எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்ப்பார். பலசரக்கு, மகமை, தபால் தலை, சீட்டு என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில் எனக்கு இடிப்பது அந்த 'டூர்' என்ற சொல்தான். உண்மைப் பெயரில் எழுத முடியாத செலவை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார், நீங்கள் உட்பட.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் நம்பிக்கை மொத்தமும் ரம்மியிலிருந்து வருகிறது. ரம்மியில் கை சரியில்லை என்றால் ஸ்கூட் விட்டு 20 பாயிண்டோடு தப்பிக்கலாம். மோசமாகப் போனாலும் ஃபுல் கவுண்ட் 80, அதற்கு மேல் ஒரு ஆட்டத்தில் இழக்க முடியாது. காசினோவில் வழக்கமாக ஆடும் நோ-லிமிட் போக்கரில் அந்தத் தடுப்பு இல்லை. முன்னால் இருக்கும் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள், மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் தள்ளலாம் (ஆல்-இன் என்பார்கள்), எதிராளியும் உங்களை அந்த இடத்துக்குத் தள்ளலாம். போனில் இலவச சிப்ஸுக்கு ஆடியவர்கள் ஆல்-இன் அடித்தால் யாருக்கும் எதுவும் வலிக்காது. அந்த ஆறு மாதத்தில் நீங்கள் கற்றது எது பெரிய கை, எது சின்னக் கை என்பது மட்டும்.

'இருப்பதிலேயே சின்ன டேபிள்' என்கிறீர்கள். உதாரணத்துக்கு 100-200 டேபிள் என்று வைப்போம். அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறை வைத்து 100, 200 என்று போட வேண்டும், பிளைண்ட் என்பார்கள். அப்படிப்பட்ட டேபிளில் வசதியாக உட்கார 20,000 வேண்டும், பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு. உங்கள் 11,000 அதில் பாதிதான். டீலர் சீட்டுப் போடும் டேபிளில் மணிக்கு 25 ஆட்டம் ஓடும். இரண்டு நாளில் 12 மணி நேரம் உட்கார்ந்தால் 300 ஆட்டம். இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஆக, மொத்தப் பயணத்திலும் அந்த ராஜ கை சராசரியாக ஒன்றிரண்டு தடவை வரும், வராமலே போகவும் செய்யலாம். எதிரே இருப்பவரிடம் இரண்டு கிங் இருந்து, இருவரும் மொத்தத்தையும் தள்ளினால், ஏஸ் வைத்திருப்பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்பார். நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே 11,000 போகும் வழி இது.

போக்கரில் திறமைக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. எண் சக்கரம் சுழற்றும் ரூலெட்டில், சக்கரத்தில் பூஜ்யம் ஒன்றே இருந்தால் நூற்றுக்கு 2.7 ரூபாய் என்ற கணக்கில் காசினோ எடுத்துக்கொண்டே இருக்கும், அங்கே எந்தத் திறமையும் செல்லாது. போக்கரில் எதிரே இருப்பது சக ஆட்டக்காரர்கள். ஆனால் திறமை தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். 300 ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரருக்கே 30,000 மேலே போவதும் கீழே போவதும் சாதாரணம். இரண்டு நாள் முடிவை வைத்து நீங்கள் கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது, மக்கு என்றும் சொல்ல முடியாது. ஜெயித்துவிட்டு வந்தால் இதை நம்புவது இன்னும் கடினம், அதனால்தான் முதல் பயணத்தில் ஜெயிப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம்.

டேபிளுக்கு வாடகையும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து காசினோ ஒரு பங்கை எடுக்கும், ரேக் என்பார்கள். நம் ஊர் கிளப்பில் எடுக்கும் கமிஷன் போல. ஐந்து சதவீதம், நடுவில் சராசரி 2,500, மணிக்கு 20 ஆட்டத்தில் எடுக்கிறார்கள் என்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 2,500 ரூபாய் டேபிளை விட்டுப் போகிறது. ஒன்பது பேருக்குப் பிரித்தால் 12 மணி நேரத்தில் உங்கள் பங்கு 3,300 சொச்சம். உங்கள் 11,000-ல் முப்பது சதவீதம். இது போகத்தான் யார் யாரிடம் ஜெயிப்பது என்ற பேச்சு. காசினோவுக்கான ஜிஎஸ்டி 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதமாக, சிப்ஸ் வாங்கும் முழுத் தொகையின் மேலேயே விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். அதைத் தனியாக வாங்குவார்களா, நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கமா என்பதை டிக்கெட் போடும் முன் போன் செய்து கேளுங்கள். உங்கள் பட்ஜெட்டில் நுழைவுக் கட்டணம் என்ற வரியையே காணோம்.

சிங்கப்பூரில் நம் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே காசினோவுக்குள் வெளிநாட்டவர் சும்மா போகலாம். சொந்தக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். தொழிலை நடத்த அனுமதித்த அரசே தன் வீட்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

ஜெயித்தால் 'அப்படியே வைத்துவிடலாம்' என்கிறீர்களே, அங்கே வருமான வரி நிற்கிறது. சீட்டாட்ட வெற்றிக்கு நேராக 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. உங்கள் சம்பளம் வரி வரம்புக்குள் வராவிட்டாலும் இதற்கு விலக்கு கிடையாது. போட்டி ஆட்டத்தில் 20,000 பரிசு வந்தால் 10,000-ஐத் தாண்டியதால் 6,000 பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், செஸ் 240 பிறகு கட்ட வேண்டும். விமான டிக்கெட்டையும் அறை வாடகையையும் கழிக்க முடியாது. சனிக்கிழமை தோற்றதை ஞாயிற்றுக்கிழமை ஜெயித்ததில் தள்ளுபடி செய்யவும் முடியாது. கணக்குத் தாக்கல் செய்யும்போது வழக்கமான எளிய படிவம் போதாது, ஐடிஆர்-2 பக்கம் போக வேண்டியிருக்கும். வெற்றி 20,000, கைக்கு 13,760, பயணச் செலவு 14,000. அதாவது ஜெயித்த பயணத்திலும் 240 ரூபாய் கை நஷ்டம்.

இதற்குப் பதில் ஆன்லைனில் காசு வைத்து ஆடலாமே என்று நண்பர் அடுத்ததாகச் சொல்வார். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமில்லாமல் தடை செய்திருக்கிறது. அதையும் மீறி வரும் லிங்க்குகளைத் தொடாதீர்கள்.

எப்போது போகலாம்? முதலில் செயினைத் திருப்புங்கள், 78,000-ல் மிச்சம் 3,000 இருக்கும். மாதம் மிஞ்சும் எட்டாயிரத்தில் ஆறாயிரத்தைத் தொடக்கூடாத சேமிப்பில் போட்டுவிட்டு, இரண்டாயிரத்தைத் தனி ஆர்டி ஆகக் கட்டுங்கள். ஒரு வருடத்தில் 24,000-மும் சொற்ப வட்டியும் சேரும். அந்த ஆர்டிக்கு வீட்டில் பெயரைச் சொல்லியே வையுங்கள், 'சீட்டு' என்று. மனைவி சிரிக்கலாம், திட்டலாம், தனக்கும் ஒரு ஆர்டி கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். போகும்போது டேபிளில் உட்காராமல், நுழைவுத் தொகை முன்கூட்டியே தெரிந்த சின்ன டோர்னமெண்ட் இருந்தால் அதில் சேருங்கள். 3,000 கட்டினால் தோல்வியின் உச்சம் 3,000. வெளியேறியதும் மறுபடி பணம் கட்டி உள்ளே வரச் சொல்வார்கள், அதுதான் வலை. ஏடிஎம் கார்டும் கிரெடிட் கார்டும் அறையிலேயே இருக்கட்டும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் தனி, வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடும். மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் போடும் கார்டுகள் உண்டு.

இந்தச் சனி, ஞாயிறுக்குக் கை அரித்தால் நாலு பேரைக் கூப்பிட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். ஆளுக்கு நூறு கொட்டை, பிளைண்ட் ஒன்று, இரண்டு. கொட்டை தீர்ந்தவர் எழுந்து டீ வாங்கி வர வேண்டும் என்று வைத்தால் ஆல்-இன் அடிக்க யோசிப்பார்கள்.

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். 5,000 கொடுத்தால் லாபத்தில் பாதி. நஷ்டத்தில்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே நஷ்டம் முழுக்க உங்களுடையது. அவர் ஜெயித்தால் வரி அவர் பெயரில் பிடிக்கப்படும், 'கழித்தது போக இவ்வளவுதான்' என்று அவர் சொல்வதே கணக்கு. உங்கள் பணத்தில் எந்த ஆட்டம், தன் பணத்தில் எந்த ஆட்டம் என்று அவருக்கே ராத்திரி இரண்டு மணிக்கு நினைவிருக்காது. கொடுப்பதற்கு முன்னால் போன ஒரு வருடத்துக்கு அவர் ஆடிய கணக்கு நோட்டைக் கேளுங்கள், ஜெயித்த நாள் தோற்ற நாள் இரண்டும் தேதி போட்டு. அப்படி ஒரு நோட்டு இருந்தால் ஒரு நகல் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், இத்தனை வருடத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.